போனை எடுக்கலாமா, வேண்டாமா?

"சும்மா உட்கார்ந்து பாருங்கம்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றுதான் மகள் ஆரம்பித்தாள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் அவளுக்கு விடுமுறை விட்டு இரண்டாவது வாரம். சனிக்கிழமை இரவு. நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை தம் வழக்கமான நாற்காலியில் இருந்தார். தொலைக்காட்சியை மகள் பிடித்துக்கொண்டதால் தொடர்நாடகம் பார்க்க முடியாமல் போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

மகள் போட்டது ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற விளையாட்டு. பிரான்சின் டோன்ட்நோட் நிறுவனம் உருவாக்கியது; 2015இல் ஐந்து பகுதிகளாக, ஒரு தொடர்கதை போல வெளிவந்தது. மகள் அதைப் பள்ளி நாள்களிலேயே ஒரு தோழி வீட்டில் விளையாடி முடித்துவிட்டாளாம். அது சிறு பிள்ளைகளுக்கானது இல்லை. அப்போது என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கணினி விளையாட்டு என்றாலே சுடுவதும் துரத்துவதும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இது வேறு மாதிரி இருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடலோரத்தில் ஆர்கேடியா பே என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே புகைப்படக்கலை படிக்க வந்திருக்கும் 18 வயது மேக்ஸ் என்ற பெண்ணாக நாம் நடமாட வேண்டும். ஒரு திங்கட்கிழமை, பள்ளிக் கழிவறையில் ஒரு பட்டாம்பூச்சியைப் படம் எடுக்கிறாள். சில நிமிடங்களில், அதே இடத்தில் ஒரு பையன் இன்னொரு பெண்ணைத் துப்பாக்கியால் சுடுவதைப் பார்க்கிறாள். பதறிப்போய்க் கையை நீட்டுகிறாள். நேரம் பின்னோக்கி ஓடுகிறது. தனக்கு அப்படியொரு சக்தி இருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிகிறது. அதை வைத்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிடுகிறாள். அவள் பெயர் க்ளோயி. ஐந்து ஆண்டுகளாகத் தொடர்பே இல்லாமல் போன சிறுவயதுத் தோழி அவள் என்பது பிறகு தெரியவருகிறது.

அதன்பின் விளையாட்டு முழுவதும் இதுதான். ஒருவரிடம் ஒன்றைச் சொல்லலாம். அவர் முகம் சுருங்கினால், பொத்தானை அழுத்தி நேரத்தைத் திருப்பி, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம். கல்யாணமான புதிதில் எனக்கு இந்தப் பொத்தான் கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! (அத்தை இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர் என்பதால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.)

அரை மணி நேரத்தில் துணி மடிப்பது நின்றுபோனது. "அதை ஏன் அவகிட்ட சொன்ன? திருப்பு, திருப்பு" என்று நான் சத்தம் போட ஆரம்பித்ததும் மகள் சிரித்துக்கொண்டே கண்ட்ரோலரை என் மடியில் வைத்தாள். "நீங்களே விளையாடுங்க. நீங்க என்ன முடிவெடுக்கிறீங்கன்னு நான் பார்க்கிறேன்."

அப்படித்தான் இரண்டாம் பகுதி என் கைக்கு வந்தது.

கேட் மார்ஷ் என்று ஒரு மாணவி வருகிறாள். அமைதியானவள், கடவுள் பக்தி மிகுந்த குடும்பத்துப் பிள்ளை. ஒரு விருந்தில் யாரோ மயக்கமருந்து கொடுத்து, அவள் நிலையில்லாமல் இருந்ததைப் படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். பள்ளி முழுவதும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. அவள் சோர்ந்திருப்பது எனக்கும் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதை க்ளோயியைப் பற்றியது, கேட் துணைப்பாத்திரம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காட்சி. மேக்ஸும் க்ளோயியும் ஓர் உணவகத்தில் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தோழி எங்கேயோ கிளம்ப அவசரப்படுத்துகிறாள். அப்போது மேக்ஸின் கைப்பேசி அடிக்கிறது. அழைப்பது கேட். எடுக்கலாமா, வேண்டாமா?

நான் யோசிக்கவே இல்லை. எதிரே தோழி நிற்கிறாள், போனில் வருபவளிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். எடுக்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பகுதியின் கடைசியில் கேட் விடுதிக் கட்டடத்தின் கூரை விளிம்பில் நிற்கிறாள். மேக்ஸ் ஓடுகிறாள். நேரத்தை உறையவைத்து எப்படியோ மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். அதற்குள் சக்தியெல்லாம் வற்றிவிட்டது. அதுவரை எதைச் சொன்னாலும் திருப்பிக்கொள்ளலாம் என்று பழகிய பொத்தான் அங்கே வேலை செய்யாது. மீதி இருப்பது பேச்சு மட்டும்தான். கேட்டின் வீட்டில் அவளிடம் பாசமாக இருப்பது யார், அவளுக்கு ஆறுதல் தரும் வேதவசனம் எது என்பது போன்றவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் பேச்சில் அது கைகொடுக்கும். முன்பு அவள் அறைக்குப் போனபோது சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அறைக்குப் போய்க் கேட்ட பொருளை எடுத்துக்கொண்டு வந்தவள்.

தவறாகச் சொன்னேன். கேட் போய்விட்டாள்.

பொத்தானை ஐந்தாறு தடவை அழுத்திப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு காட்சி பலரை உலுக்கிவிடும் என்று தெரிந்ததால், உதவி தேவைப்படுவோருக்கென ஓர் இணையப் பக்கத்தையும் அந்த நிறுவனம் அந்தப் பகுதியோடு சேர்த்து அறிவித்திருந்தது. நம் ஊரில் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"இது நியாயமே இல்ல. ஒரு போனை எடுக்காததுக்கா இப்படி?" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

"அது மட்டும் இல்லம்மா" என்றாள் மகள். கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே, "நான் செக் டூல உங்களுக்கு ஒரு நாள் மூணு தடவ கால் பண்ணேன். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. சுத்தமாக ஞாபகம் இல்லை.

அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இவள் படத்தை எடுத்து, ஏதோ ஒட்டி, கேலியாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாற்பது பேர் சிரிக்கும் பொம்மைகளை அனுப்பியிருக்கிறார்கள். இடைவேளையில் கழிவறையில் உட்கார்ந்து எனக்கு மூன்று முறை அழைத்திருக்கிறாள். மூன்றாவது முறை நான் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறேன்: மீட்டிங், அப்புறம் கூப்பிடுறேன். கூப்பிடவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, "எதுக்குடி கூப்பிட்ட?" என்று கேட்டிருக்கிறேன். அவள் "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறாள். நானும் சரி என்று அரிசி களையப் போயிருக்கிறேன்.

"ரெண்டு மாசத்துல அதெல்லாம் தானா அடங்கிருச்சும்மா. இப்ப எனக்குக் கோபமெல்லாம் இல்ல" என்றாள். அத்தை அதற்குள் தூங்கிப்போயிருந்தார். நான் மடித்து வைத்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன்.

அந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகும் ரயிலில் இந்த விளையாட்டைப் பற்றியும் இதுபோன்ற மற்ற விளையாட்டுகளைப் பற்றியும் படித்துக்கொண்டே போனேன். முடிவு பிடிக்கவில்லை என்று விளையாட்டாளர்கள் எத்தனை பேர் எவ்வளவு கோபப்பட்டிருக்கிறார்கள்!

அதில் பெரிய கலகம் 2012இல் நடந்தது. ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விண்வெளிக் கதை 2007, 2010, 2012 என மூன்று பாகங்களாக வந்தது. கனடாவின் பயோவேர் நிறுவனத்துடையது. முதல் பாகத்தில் நாம் யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்பதெல்லாம் அடுத்த பாகத்துக்கும் கூடவே வரும். ஐந்து ஆண்டுகள் அப்படிச் சேர்த்துவைத்த முடிவுகளோடு கடைசிக்கு வந்தவர்களுக்கு, மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லப்பட்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். வெளிச்சத்தின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என மாறியது.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு குறும்பும் இருந்தது. பணம் திரட்டி, ஏறக்குறைய 400 கப்கேக்குகளைச் செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறங்களில் கிரீம். கடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெனிலா சுவை! இன்னொரு பக்கம், மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுக்கும் அறநிறுவனம் ஒன்றுக்குத் தங்கள் எதிர்ப்பின் பெயரால் 80,000 அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் நிறுவனம் முடிவை விரிவாக்கி இலவசமாக வெளியிட்டது.

கதையை எழுதியவரின் முடிவை மாற்றச் சொல்ல வாசகருக்கு என்ன உரிமை என்று எனக்கு முதலில் தோன்றியது. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அதே 2012இல் வந்த இன்னொரு விளையாட்டைப் பற்றி மகள் சொன்னதும் வேறு மாதிரி யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

‘தி வாக்கிங் டெட்’. டெல்டேல் நிறுவனம் உருவாக்கியது. பிணங்கள் எழுந்து நடமாடும் ஒரு பேரழிவுக் காலத்தில், லீ என்பவர் கிளமன்டைன் என்ற எட்டு வயதுச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு அலைகிறார். நாம்தான் லீ. அதிலும் நம் முடிவுகள் கதையைப் பெரிதாகத் திருப்புவதில்லை. முதல் பகுதியில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். நாம் காப்பாற்றியவரும் பிறகு இறந்துபோகிறார். கடைசியில் லீயும் பிழைப்பதில்லை. தான் மாறிப்போவதற்குள் தன்னைச் சுட்டுவிடச் சொல்வதா, அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்வதா என்பதைத்தான் அந்தச் சிறுமியிடம் நாம் சொல்ல முடியும். மாஸ் எஃபெக்டைவிடக் கொடுமையான முடிவு. அதற்குக் கப்கேக் யாரும் அனுப்பவில்லை. விளையாடியவர்கள் அழுதார்கள், அந்த விளையாட்டைக் கொண்டாடினார்கள்.

ஏன்? மகளிடம் விடை இருந்தது. அந்த விளையாட்டில் நாம் ஏதாவது செய்தாலோ சொன்னாலோ, கிளமன்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து மறையுமாம். "அவ்ளோதாம்மா. கதை மாறுதா இல்லையாங்கிறது முக்கியமில்ல. நாம பண்ணினத அந்தப் பிள்ளை பார்த்துச்சு, மறக்கல. மாஸ் எஃபெக்ட் கடைசில யாருக்குமே எதுவும் ஞாபகம் இருந்த மாதிரி தெரியல. அதான் எல்லாருக்கும் கோபம்."

18 வயதுப் பெண் சொன்னதைவிடத் தெளிவாக எந்த விமர்சனக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. அவள் இதைச் சொன்னபோது விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறாளா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சின் முடிவைச் சொல்லப்போகிறேன். விளையாட எண்ணியிருப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

வெள்ளிக்கிழமை. ஊரை நோக்கிப் பெரும்புயல் வருகிறது. மேக்ஸ் நேரத்தைத் திருப்பிக் க்ளோயியைக் காப்பாற்றியதால்தான் இந்தப் புயல் வந்தது என்று தெரியவருகிறது. இருவரும் கலங்கரை விளக்கத்தின் அருகே நிற்கிறார்கள். க்ளோயி ஒரு புகைப்படத்தை நீட்டுகிறாள். திங்கட்கிழமை கழிவறையில் மேக்ஸ் எடுத்த அந்தப் பட்டாம்பூச்சிப் படம். அதன் வழியாக அந்த நாளுக்கே திரும்பிப் போய், இந்த முறை குறுக்கிடாமல் க்ளோயியைச் சாக விட்டால் ஊர் பிழைக்கும். படத்தைக் கிழித்துப் போட்டால் க்ளோயி பிழைப்பாள், ஊர் அழியும்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், உலகெங்கும் விளையாடியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டுவார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில் உலகம் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து நின்றது. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரில் வரும் ‘பே’யும், அன்புக்குரியவரைக் குறிக்கும் ‘பே’ என்ற கொச்சைச் சொல்லும் ஒரே உச்சரிப்பு. அதை வைத்தே ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். க்ளோயி கட்சிக்கு ஒரு நியாயமான குறையும் உண்டு. ஊரைக் காப்பாற்றினால் இறுதிச் சடங்கு வரை நீளமாகக் காட்டுகிறார்கள். க்ளோயியைக் காப்பாற்றினால், இருவரும் இடிந்த ஊர் வழியாக வண்டியில் போவதோடு சட்டென்று முடித்துவிடுகிறார்கள். 2024இல் வந்த ‘டபுள் எக்ஸ்போஷர்’ தொடர்ச்சியில், அன்று என்ன செய்தாய் என்று மறுபடி கேட்டுவிட்டு, க்ளோயியைக் காப்பாற்றியவர்களிடம் அவளும் மேக்ஸும் பிரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்பது ஆண்டுக்கு முன் எடுத்த முடிவுக்காகப் புதிதாகச் சண்டை ஆரம்பித்தது. எனக்கு அந்த ரசிகர்கள் மீது அனுதாபம்தான். ஓர் ஊரையே விலையாகக் கொடுத்து வாங்கிய நட்பு அது.

எங்கள் வீட்டில் அந்த ஞாயிறு இரவு கண்ட்ரோலர் என் கையில். மகள் தான் முன்பு என்ன செய்தாள் என்று சொல்ல மறுத்துவிட்டாள். அத்தை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்தப் பிள்ளையும் சாகாம, ஊரும் அழியாம ஒரு வழி இல்லையாமா?"

"அதைத்தான் பாட்டி உலகமே கேட்டுச்சு" என்றாள் மகள்.

நான் படத்தின் வழியாகத் திங்கட்கிழமைக்குப் போனேன். க்ளோயி இறந்தாள். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. கடைசியில் இறுதிச் சடங்கு. கறுப்பு உடையில் நின்றவர்களுக்கு நடுவே கேட் நின்றாள். உயிரோடு.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்குத் திரும்பிப் போனால் கூரை நடந்திருக்காது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஊர் மக்கள், உணவகத்தில் வேலை செய்யும் க்ளோயியின் அம்மா எல்லாரையும் நினைத்தேன்தான். ஆனால் பொத்தானை அழுத்தியபோது மனத்தில் இருந்தவள் கேட்.

மகளிடம் இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "நான் படத்தைக் கிழிச்சேம்மா" என்றாள்.

"ஏண்டி? ஒரு ஊரே போச்சே."

"ஊரு வேணும்னுதான் எனக்கும் தோணுச்சு. ஆனா திரும்பிப் போனா அந்த வாரமே இல்லாமப் போயிடும். கேட்டுக்கு நடந்தது, நீங்க போன் எடுக்காதது, எதுவுமே நடக்கலன்னு ஆயிடும். மேக்ஸுக்கு மட்டும்தான் தெரியும். அவ யார்கிட்டயும் போய் சாரிகூடச் சொல்ல முடியாது, ஏன்னா யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

நான் விடவில்லை. ஒரு பெண் உயிரோடு இருப்பதைவிட மன்னிப்புக் கேட்பது பெரிதா என்று கேட்டேன். அவளும் விடவில்லை. க்ளோயியின் உயிர் உயிர் இல்லையா என்று கேட்டாள். அத்தை நடுவில், "ரெண்டு பொம்மைக்கு இப்படியா சண்டை போடுவீங்க?" என்று விளக்கை அணைக்கச் சொன்னார். கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளையாக, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவள் சொன்னதை இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேட்டை உயிரோடு பார்த்த அந்த நொடியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மன்னிப்பை அன்றிரவே கேட்டேன், விளக்கு அணைந்த பிறகு, அவள் அறை வாசலில் நின்று. அவள் "பரவால்லம்மா" என்றாள். எங்கள் வீட்டில் "ஒண்ணுமில்ல"வும் "பரவால்ல"வும் ஏறக்குறைய ஒரே குரலில்தான் வரும் என்பதால் அது எந்த வகை என்று தெரியாமலே படுக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை இரவு தூக்கம் வரவில்லை. எல்லாரும் படுத்த பிறகு புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். பொத்தான்களெல்லாம் இப்போது பழகிவிட்டன. கேட்டின் அறைக்குள் போய் அங்கிருந்த ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். உணவகத்துக்கு வரும்போது மணி இரண்டு.

காலையில் மகள் திரையில் இருந்த புது விளையாட்டைப் பார்த்துவிட்டாள். சமையலறைக்கு வந்து மைலோ டின்னைத் திறந்தாள்.

"போன் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"க்ளோயி கோவிச்சுக்கிட்டாளா?"

"ரொம்ப."

"கோவிச்சுக்கட்டும்" என்று எனக்கும் சேர்த்து ஒரு குவளையை எடுத்தாள்.